சமையல்காரனுக்கு எந்த ஊர்

ஜூலை 21, திங்கள்

புதுப் படம் வந்திருக்கிறது. இந்தி. பனிமலை, எல்லைச் சாவடி, ஒரு மேஜர், கொஞ்சம் சிப்பாய்கள். சுதந்திர தினத்தன்று தமிழிலும் வெளியாக வேண்டும்.

தமிழ் வசனம் தணிகாசலம் சார். நான் உதவி. வாயசைவுக்கு ஏற்ப வார்த்தையைக் கூட்டுவது, குறைப்பது, அவர் கண்ணாடியைத் தேடித் தருவது.

படத்தில் ஒரு தமிழன் இருக்கிறான். சாவடியின் சமையல்காரன். பெயர் சாமி. நெற்றி நிறையத் திருநீறு. ராணுவ ஸ்வெட்டருக்குக் கீழே லுங்கி. உறைபனியில் லுங்கி. வாயைத் திறந்தால் ஐயோ.

"இவரை என்ன சார் பண்றது?"

"என்ன பண்றது? மலையாளி ஆக்கிடலாம். குட்டன் நாயர்."

சட்னி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். இது தொழில் வழக்கம். இந்திக்காரன் தமிழனைக் கிண்டல் செய்தால் தமிழில் அவன் மலையாளி. தெலுங்கில் தமிழனாகவே விட்டுவிடுவார்கள். மலையாளத்திலும் தமிழன்தான்.

"கன்னடத்துல?"

"அவங்களும் யாரையாவது பிடிச்சுப்பாங்க."

"லிப் பொருந்துமா சார்?"

"மலையாளியும் ஐயோன்னுதானேம்மா சொல்வான். பிஜுவுக்குப் போன் போடு."

பிஜு வர்கீஸ் எங்கள் ஸ்டூடியோவின் நிரந்தர மலையாளி. எந்தப் படத்தில் டீக்கடை நாயர் வந்தாலும் குரல் அவர்.

முதுகலையில் என் ஆய்வேடு இதைப் பற்றித்தான். தமிழ்ப் படங்களில் பிறமொழியாளர். டீக்கடை நாயர், அடகுக்கடை சேட், கூர்க்கா. அட்டவணை போட்டிருந்தேன். அந்த அட்டவணைக்குள் ஒருவரை நானே அனுப்பிவைப்பேன் என்று அப்போது தெரியாது.

ஜூலை 22

முழுப் படமும் பார்த்தோம். எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

கொடி பனியில் உறைந்து பலகையாக நிற்கிறது. சிப்பாய்கள் அதைச் சுற்றி நின்று மூச்சு விடுகிறார்கள். யாரும் பேசவில்லை. வெறும் மூச்சு. துணி மெல்ல இளகுகிறது. ஒரு ஓரம் அசைகிறது.

இதை எடுத்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னையும் தெரிந்திருக்கிறது. நான் படித்த கோட்பாடு ஒன்றும் அந்த நிமிடத்தில் கைகொடுக்கவில்லை. கைகொடுக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

குறித்துக்கொள்ள வேண்டியவை:

தமிழ்ப் பதிப்பில் பஞ்சாபி மேஜர் தமிழ் பேசுவார். வங்காளி தமிழ் பேசுவான். சமையல்காரனோடு கூடாரத்தைப் பகிரும் பல்பீர் சிங், பெரிய தலைப்பாகை, பெரிய தாடி, அவனும் தமிழ். மொத்த ராணுவமும் தமிழ். அதில் வெளியாள் ஒருவன்தான். தமிழன்.

இன்னொன்று. சமையல்காரன் கடைசியில் குண்டு பட்டுச் சாகிறான். அதுவரை உடைந்த இந்தி பேசியவன், சாகும்போது சுத்தமான இந்தி பேசுகிறான். பாதி வழியில் உச்சரிப்பு சரியாகிவிடுகிறது.

சாரிடம் சொன்னேன். "நல்ல பாயிண்ட்" என்றார். "அது எத்தனாவது ரீல்னு குறிச்சுக்கோ."

ஜூலை 23

விடுதியில் தண்ணீர் வரவில்லை. அம்மா போன். ஸ்டூடியோ மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

ஜூலை 24

சமையல்காரன் வந்துவிட்டார்.

காலை. சாரும் நானும் நாயர் வசனங்களை எழுதிக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்துகொண்டு ஒருவர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ, கழுத்தில் மெல்லிய சங்கிலி. திருநீறு இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். முந்தாநாள் திரையில் செத்தவர்.

"வணக்கம். நான் பேச்சிமுத்து. எம் வேசத்துக்கு நானே பேசலாம்னு வந்தேன்."

தாராவியில் பிறந்தவர். பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். இருபத்தைந்து வருடமாக இந்திப் படங்களில் நடிக்கிறார். தபால்கார ஐயர், வார்டன் ஐயர், கம்ப்யூட்டர் ஐயர். தமிழில் ஒரு முறைகூடப் பேசியதில்லை. பம்பாயில் இயக்குநரிடம் கேட்டாராம். சென்னையில் சரி என்றால் சரி என்று சொல்லியிருக்கிறார்.

சார் என்னைப் பார்த்தார். நான் நாயர் வசனத்தாளைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் பேச்சிமுத்து படித்துவிட்டார்.

"குட்டன் நாயரா? இது நானா?"

தாளைச் சார் பக்கம் தள்ளினார்.

"அரே பாய். இதுக்கு முந்துன படத்துலயும் இப்பிடித்தான் பண்ணீங்க. எங்கக்கா ராசம்மா ஊர்ல இருக்கா. டிவியில எம் படம் தமிழ்ல வரும். மூஞ்சி என்னோடது. சத்தம் எவனோடதோ. ஒரு படத்துல மலையாளத்தான், ஒரு படத்துல சேட்டு. தெருவுல கேக்கான், ஏ ராசம்மா, ஒந் தம்பி பம்பாய்க்குப் போயி பேச்ச மறந்துட்டானான்னு. அவ என்ன சொல்லுவா? ஆமா, அங்கன அப்பிடித்தான் பேசணுமாம்னு சொல்லுதாளாம்."

சார் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"ஒரு தடவ அவ எஞ் சத்தத்த தியேட்டர்ல கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். கேண்டீன் காபிகூட வேண்டாம். மாட்டுங்கால இதவிட நல்லாருக்கும்."

ஜூலை 25

சார் கம்பெனிக்குப் போன் போட்டார். விநியோகம் பார்க்கும் கோகுல்நாத் புதன்கிழமை வருகிறார். அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் ஒரு மாதிரிப் பதிவு செய்து காட்டலாம் என்றார் சார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள மாட்டார்.

மதியம் பேச்சிமுத்துவிடம் கேட்டேன். ஆய்வேட்டுக் குரலில்தான் கேட்டிருப்பேன்.

"சார், இப்படி நம்மளையே கேலி பண்ற மாதிரி நடிக்கறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். திரையில் தயிர்சாதம் கேட்டு அழுபவர். நிஜத்தில் அவருக்கு அது பிடிக்காது, கேண்டீனில் வேறெதுவும் மிச்சமில்லை.

"எங்கப்பா காலத்துல பம்பாய்ல லுங்கி கட்டுனவனத் தேடித் தேடி அடிச்சான் தெரியுமாம்மா? ரயில்வே டேசன்ல வச்சு எங்கப்பா லுங்கிய உருவிட்டான். அடி வேற. அதுக்கப்புறம் அவரு சாவுறவரைக்கும் பேண்ட்தான். தூங்கும்போதுகூட."

சாதத்தைத் தள்ளி வைத்தார்.

"நான் அதே லுங்கியக் கட்டிக்கிட்டு கேமரா முன்னால வந்தேன். அடிச்சவம் மகன் டிக்கெட் எடுத்து வந்து சிரிச்சான். சிரிக்கவன் அடிக்க மாட்டாம்மா. இப்ப தாதர் ஸ்டேசன்ல எறங்குனா, ஏ சாமி, ஒரு செல்ஃபிங்கான். நீ என்னமோ இதக் கேலிங்கே. எனக்கு அது ரேசன் கார்டு மாதிரி."

அவருக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. மேஜராக நடித்தவரைப் பற்றிப் பேசும்போது கண் விரிகிறது. கொடி மேல் மூச்சு விடும் காட்சியை எடுத்தபோது நிஜமாகவே எல்லாரும் அழுதார்களாம். "நான் ரெண்டாவது வரிசைல நின்னேன். அழுதது நடிப்பு இல்ல."

அறைக்கு வந்து என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். 'இழிவுபடுத்தல்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம். தவறில்லை. போதவில்லை.

ஜூலை 28

மாதிரிப் பதிவு. சிக்கல் உடனே தெரிந்துவிட்டது.

இந்தியில் சாமி சிரிப்பு மூட்டுவது அவனுக்கு இந்தி வராததால். தமிழில் எல்லாரும் தமிழ் பேசும்போது இவனுக்கு என்ன வராது? மேஜர் கேட்கிறார், சமையல்காரன் பதில் சொல்கிறான், இரண்டும் நல்ல தமிழ். மேஜர் எதற்கு முறைக்கிறார் என்றே புரியவில்லை. காட்சி செத்துக் கிடந்தது.

டேக் முடிந்த பிறகும் மைக் திறந்திருந்தது. திரையில் மேஜர் கத்திக்கொண்டிருந்தார். சமையல்காரன் நமக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பேச்சிமுத்து சும்மா, தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"கத்துடே கத்து. ஒஞ் சப்பாத்தியில நாளைக்கு உப்பு இருக்காதுல்லா."

சார் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"முத்து! இன்னொரு தடவை!"

வாய் தெரியாத இடம். டப்பிங்கில் அதுதான் எங்கள் சொந்த நிலம். முதுகு காட்டினால், இருட்டில் நின்றால், கோப்பை வாயை மறைத்தால், அங்கே நாம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். படம் முழுக்கத் தேடினோம். சமையல்காரன் சிரிப்புக்கான ஆள் என்பதால் இயக்குநர் பாதி நேரம் அவனுக்கு முதுகைத்தான் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முதுகிலும் பேச்சிமுத்து ஒரு வரி வைத்தார். சாயங்காலத்துக்குள் ஒரு சட்டகமும் மாறாமல் படம் மாறியிருந்தது. யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவன் இப்போது எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறான்.

இவ்வளவு சிரித்து நாளாகிறது.

ஜூலை 29

சாகும் காட்சிக்கு நான் வசனம் எழுதினேன். சார் கொடுத்த முதல் வாய்ப்பு. இந்தியில் இருந்ததை விட்டுவிட்டு, பொருநை, மண், மொழி, மலை என்று எழுதியிருந்தேன். வாயசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பேச்சிமுத்து ஒரே டேக்கில் பேசினார். நன்றாகவும் பேசினார். வெளியே வந்து தண்ணீர் குடித்தார்.

"நல்லாருக்கும்மா. மேடையில பேசலாம். ஆனா கேளு, முதல்ல என்னய ஐயருன்னான். அப்புறம் நாயருன்னான். நீ என்னடான்னா செலையா நிக்க வச்சுட்டே. கைல ஒரு வாளுதான் இல்ல."

கிண்டலாகத்தான் சொன்னார். தோளில் தட்டிவிட்டுப் போனார். மீண்டும் எழுதினேன். நான்கு சொற்கள்.

அம்மா போன். மாடிப்படி.

ஜூலை 30

கோகுல்நாத் வந்தார். வயது முப்பதுக்குள். மரியாதையானவர். முழுவதும் பார்த்தார். முதுகு வசனங்களுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் கூரையைப் பார்த்தார்.

"பிரமாதம் சார். சூப்பர். ஆனா தமிழன் வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"நம்ம ஆடியன்ஸ் கேப்பாங்க சார். எல்லாரும் துப்பாக்கி புடிக்கறான், நம்மாளு மட்டும் ஏன் கரண்டி புடிக்கறான்? முதல் நாளே நெட்ல போட்டுக் கிழிப்பாங்க. மலையாளியா இருந்தா ஜாலியா எடுத்துப்பாங்க. அந்த முதுகு டயலாக் எல்லாம் வச்சுக்கங்க. மலையாளத்துல மாத்திடுங்க."

பேச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் தமிழன்தானே. கரண்டி புடிச்சது நாந்தானே."

"சார், நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே மலையாளம் மாதிரிப் பேசிடறீங்களா? உங்க வாய்ஸ்லயே இருக்கும்."

பேச்சிமுத்து கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"என்னைய வச்சு நான் சிரிக்க வைப்பேன். அது எம் பொழப்பு. இன்னொருத்தன் மேல ஏறி உக்காந்து சிரிக்க வைக்க எனக்கு வராது. அதுக்கு வேற ஆளப் பாருங்க."

அவர் நடிகர். அவருக்கு வராதது எதுவும் இல்லை. கோகுல்நாத்துக்கு அது தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும்.

ஜூலை 31

பிஜு வந்தார். ஸ்கூட்டர், ஹெல்மெட், தொண்டைக்கு அதிமதுரம். விஷயத்தைக் கேட்டு நேராகக் கேண்டீனுக்குப் போனார். பேச்சிமுத்து ஊருக்குக் கிளம்பாமல் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் இடையில் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்க வேண்டாம்னா நான் போயிடறேன்."

"நீ போனா இன்னொருத்தன் வருவான். உக்காரு. மலையாளத்துல எந்த ஊரு?"

"அயனாவரம்."

"ஏது?"

"அயனாவரம்ணே. ஜாயிண்ட் ஆபீஸ் பக்கம். அப்பா ரயில்வே. கேரளாவுக்கு லீவுக்குப் போறதோட சரி. என் மலையாளத்தக் கேட்டா எங்க சித்தப்பா பசங்க சிரிக்கறாங்க."

"அப்ப இந்த சாயா, சேச்சி, எந்தா சாரே எல்லாம்?"

"தமிழ்ப் படம் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

பேச்சிமுத்து மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "நான் ஐயர் இந்திய எங்க கத்துக்கிட்டேன்னு நெனைக்கே? இந்திப் படத்துல! தாராவியில எவன்டே அப்பிடிப் பேசுனான்?"

பிறகு இருவரும் போட்டி போட்டார்கள். பிஜுவின் நாயர், பேச்சிமுத்துவின் ஐயர். நாயர் ஐயரிடம் டீ கேட்டார், ஐயர் நாயரிடம் தயிர்சாதம் கேட்டார். கேண்டீன் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எங்குமே இல்லாத இரண்டு மனிதர்கள். இவ்வளவு உயிரோடு நான் யாரையும் பார்த்ததில்லை.

பிஜு திடீரென்று என் பக்கம் திரும்பினார். "பார்கவி, நீ எந்த ஊரு?"

"ஓசூர்."

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் பேசுவது தெலுங்கு. இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. இப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்.

மதியம் பிஜு பேசினார். முதுகு வசனம் எல்லாம் அவர் வாயில் மலையாளம் பூசிக்கொண்டு வந்தது. மிக நன்றாக இருந்தது. இதை எழுதியாக வேண்டும். நான் சிரித்தேன். பேச்சிமுத்துவும் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தன் முகம் இன்னொருவர் குரலில் பேசுவதைப் பார்த்துச் சிரித்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாகும் காட்சிக்கு வந்தோம். இறக்கும் சமையல்காரன், அவனை மடியில் ஏந்தும் பல்பீர் சிங். சிங்கின் குரலும் பிஜுதான் பேசுவதாக இருந்தது. சின்ன வேடம், ஒரே ஆள் இரண்டு பேசுவது வழக்கம். ஆனால் இந்தக் காட்சியில் இருவரும் எதிரெதிரே.

"என்னோட நானே எப்படி சார் அழுவேன்?" என்றார் பிஜு. பிறகு, யோசிக்காததுபோல, "சிங்கை அண்ணனுக்குக் குடுங்களேன்."

சார் பேனாவை மூடினார். திறந்தார். கோகுல்நாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சிங் வாய்ஸ் பேச்சிமுத்து பேசலாமா தம்பி? ஆனா அவர் தமிழ் திருநெல்வேலித் தமிழ்."

"சர்தார்தானே சார்? சர்தார் எந்தத் தமிழ் பேசினா யாருக்கு என்ன? பேசட்டும்."

போன் வைத்ததும் சவுண்ட் இன்ஜினியர் சிரிக்க ஆரம்பித்தார். எல்லாரும்.

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

முந்தைய காட்சிகளை மதியத்துக்குள் முடித்தார். தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர் அம்பாசமுத்திரம் பேசுகிறார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அது வினோதமாகவே இல்லை. தாமிரபரணிக் கரையில் எப்போதும் சர்தார்கள் இருந்ததுபோல இருந்தது.

பிறகு அந்தக் காட்சி.

சமையல்காரன் சாகிறான். பேச்சை நிறுத்திவிட்டான். பல்பீர் சிங் அவன் தோளில் முகத்தைப் புதைக்கிறான். நீளமான காட்சி, இந்தியில் வெறும் விம்மல். வாய் தெரியவில்லை. நான் எதுவும் எழுதவில்லை. சாரும் எழுதவில்லை.

பேச்சிமுத்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் அவர்தான் செத்துக் கிடந்தார். மெதுவாகச் சொன்னார்.

"எந்திடே. ஒல கொதிக்கி. எந்தி."

பிறகு கொஞ்சம் கோபமாக.

"அரிசி யாருடே போடுவா? எனக்கு அளவு தெரியாதுல்லா."

பிறகு ஒன்றும் இல்லை. மூச்சு.

யாரும் டேக் ஓகே என்று சொல்லவில்லை. பிஜு எழுந்து உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் ஏதோ பேசினார்கள். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 4

ஒலிக்கலவை வேலை. அம்மா போன் வந்தது. சாரும் இன்ஜினியரும் பக்கத்தில். எடுத்தேன். "செப்பம்மா" என்றேன். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, எல்லாவற்றுக்கும் அங்கேயே உட்கார்ந்து பதில் சொன்னேன்.

வைத்த பிறகு சார் திரும்பிப் பார்த்தார். "தெலுங்குப் பதிப்புக்கு ஆள் தேடறாங்க. சொல்லவே இல்லையே நீ."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அங்கே சமையல்காரன் தமிழன். நிறைய முதுகு இருக்கிறது.

ஆகஸ்ட் 15

முதல் காட்சி. வடபழனி. வாசலில் மூவர்ணக் காகிதம், குழந்தைகள் கையில் கொடி.

பேச்சிமுத்து பம்பாயிலிருந்து வந்திருந்தார். கூடவே அக்கா ராசம்மா. தாம்பரத்தில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். கைத்தறிச் சேலை, கையில் மஞ்சள் பை, தம்பியைவிட உயரம். நான் அவருக்கு இந்தப் பக்கம், பேச்சிமுத்து அந்தப் பக்கம்.

சமையல்காரன் வந்தவுடன் தியேட்டர் சிரித்தது. பிஜுவின் குரல். அக்கா சிரிக்கவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவும் மலையாளத்தானாலே?"

"பேசாம பாருக்கா."

கூடாரக் காட்சி. பல்பீர் சிங் வாயைத் திறந்தான். அக்கா பையை இறுக்கிப் பிடித்தார். முன்னால் குனிந்தார். இன்னொரு வசனம் வந்தது. தம்பியின் கையில் ஓங்கி அடித்தார்.

"ஏலே. அந்தத் தலப்பாக்கட்டு ஒஞ் சத்தம்லா பேசுது!"

முன் வரிசையில் யாரோ 'உஷ்' என்றார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பிறகு சமையல்காரனைப் பார்க்கவே இல்லை. சட்டகத்தின் ஓரத்தில் நின்றாலும் தலைப்பாகையைத்தான் பார்த்தார். அது பேசாத காட்சிகளில் அலுத்துக்கொண்டார்.

கொடி மேல் மூச்சு விடும் காட்சியில் தியேட்டர் எழுந்து நின்றது. சொல்லாமல், ஒவ்வொருவராக. நானும் நின்றேன். எல்லாம் தெரிந்தும்தான் நின்றேன். அயனாவரத்து நாயர், அம்பாசமுத்திரத்து சர்தார், எந்தக் குரலை எந்த முகத்தில் ஒட்டினோம் என்று ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். துணி அசைந்தபோது தையல் எதுவும் தெரியவில்லை. ஒருவேளை இதைத்தான் நாடு என்கிறார்களோ. நல்ல டப்பிங். இதைக் கேலியாக எழுதவில்லை.

பிறகு மடியில் ஏந்தும் காட்சி. எந்திடே. ஒல கொதிக்கி.

தியேட்டரில் முதலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு நிறையப் பேர். அக்கா அழவில்லை. வாயைத் திறந்தபடி, ஒரு சொல்லையும் விடாமல், கணக்கு வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து திரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெயில். அவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு பையன் மட்டும் 'நாயர்' என்று கையசைத்துவிட்டு ஓடினான்.

"எப்பிடிக்கா இருந்துச்சு?"

ராசம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்ததுபோல இருந்தது.

"செத்தவனவிட அழுதவந்தாம்லே நல்லா நடிச்சான்."